இசையை கேட்டு அப்ஸ்ட்ராக்ட் பெயிண்டிங் பண்றது எப்படி: முதல் தடவை கேட்கறதுலேர்ந்து கடைசி பிரஷ் வரைக்கும்

ஒரு செல்லோ (வயலினை விட பெரிய, ஆழமான ஒலி தர்ற வாத்தியம்) இசை எனக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு, ராத்திரி அதை ஓடவிட்டுட்டு கேன்வாஸ் முழுக்க நீலமா பூசினேன், நடுவுல கொஞ்சம் கருப்பு, ஓரத்துல வெள்ளை தெறிப்பு. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு அதே இசையை திரும்ப போட்டு படத்துக்கு முன்னாடி உக்காந்தா ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. வேற எந்த சோகமான இசைக்கும் அதே படத்தை மாட்டிடலாம். நான் வரைஞ்சது அந்த இசையை கேட்டப்போ எனக்கு வந்த மூடை மட்டும்தான். அந்த செல்லோ எங்க இழுத்துச்சு, எங்க மூச்சு வாங்குச்சு, எந்த இடத்துல கீழ இறங்கி திரும்ப மேல வராமலே நின்னுச்சு, இது எதுவுமே படத்துல இல்ல.

இந்த வழிகாட்டி முழுக்க அதை சரி பண்றதை பத்திதான். இசை உங்களை என்ன உணர வைக்குதுங்கறதை கொஞ்ச நேரம் ஒதுக்கி வச்சுட்டு, இசை என்ன செய்யுதுன்னு பார்த்து அதை வரையணும். உணர்வு தன்னால வந்து சேர்ந்துக்கும், அதுக்கு நீங்க தனியா நீலம் பூச வேண்டியதில்ல.

படி 1: இசையை தேர்ந்தெடுக்கறது

3 நிமிஷத்துலேர்ந்து 6 நிமிஷத்துக்குள்ள இருக்கற ஒரு இசையா எடுங்க. பாட்டு வரிகள் இல்லாம இருந்தா நல்லது, ஏன்னா வரிகள் காதுல விழுந்ததும் மனசு மழை, நிலா, முகம்னு படம் காட்ட ஆரம்பிச்சிடும், அப்புறம் நீங்க வரையறது பாட்டோட கதையாயிடும். வாத்திய இசைன்னா அந்த தொல்லை இல்ல. இன்னொன்னு, இதை நீங்க குறைஞ்சது 40, 50 தடவை கேட்கப் போறீங்க, அதனால உசிருக்கு உசிரான பாட்டை முதல் தடவையே எடுக்காதீங்க, வேலை முடியறதுக்குள்ள அது சலிச்சுப் போற வாய்ப்பு இருக்கு.

ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்காதீங்க. சின்ன ஸ்பீக்கர்ல கீழ் ஸ்தாயி ஒலிகள் பாதிக்கு மேல வெளிய வராது, படத்துக்கு அடித்தளமா இருக்க வேண்டியதே உங்களுக்கு கேட்காம போயிடும். சுமாரான ஹெட்ஃபோன் போதும்.

படி 2: கையில ஒண்ணும் இல்லாம கேட்கறது

இதுதான் எல்லாரும் தாண்டிப் போற படி. எனக்கு கேட்டா பாதி வேலையே இதுதான். பிரஷ், பென்சில் எதையும் தொடாம அஞ்சு தடவை கேளுங்க, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பின்தொடருங்க.

முதல் தடவை அடியில ஓடற ஒலியை மட்டும் பிடிச்சுக்கிட்டு போங்க, பேஸ் கிட்டாரோ, பியானோவோட இடது கையோ, சுருதியோ எதுவா இருந்தாலும். அது நகருதா இல்ல ஒரே இடத்துல நிக்குதா? ரெண்டாவது தடவை தாளம், அதுலயும் அடி எங்க விழுதுங்கறதோட ரெண்டு அடிக்கு நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு கவனிங்க. மூணாவது தடவை முக்கியமான மெட்டு, அது படி ஏறுற மாதிரி போகுதா, வழுக்கிக்கிட்டு போகுதா, ஒரே ஸ்வரத்தை சுத்தி சுத்தி வருதான்னு பாருங்க. நாலாவது தடவை யார் எப்போ உள்ள வர்றாங்க, யார் எப்போ வெளிய போறாங்கன்னு மட்டும். வாத்தியம் உள்ள வர்றதை எல்லாரும் கவனிப்பாங்க, வெளிய போறதை கவனிக்கறவங்க ரொம்ப கம்மி, ஆனா படத்துக்கு அதுதான் அதிகம் உதவும்.

அஞ்சாவது தடவை நிசப்தத்தை கேளுங்க. முழுசா ஒலி நிக்கற இடம் மட்டும் இல்ல, ஒரு ஸ்வரம் அடங்கி அடுத்தது வர்றதுக்கு நடுவுல இருக்கற அந்த சின்ன தொங்கல் கூட. நிசப்தத்தை பத்தி ஓவியமும் இசையும் ஒண்ணுக்கு ஒண்ணு பாடம் எடுத்திருக்கு: ஓவியர் ராபர்ட் ரவுஷென்பெர்க் 1951ல வெறும் வெள்ளை பெயிண்ட் மட்டும் பூசின கேன்வாஸ்களை செஞ்சார், அதை பார்த்த தைரியத்துலதான் இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1952ல வாசிக்கறவர் ஒரு ஸ்வரம் கூட வாசிக்காத, 4 நிமிஷம் 33 வினாடி நீளற அந்த புகழ்பெற்ற படைப்பை வெளிய கொண்டு வந்தார். அங்க ஓவியம் முன்னாடி போச்சு, இசை பின்னாடி வந்துச்சு. அதனால காலி இடத்தை நிரப்பணும்ங்கற அவசரம் வேண்டாம்.

படி 3: நேர வரைபடம்

இப்போ பென்சில் எடுக்கலாம். நீளமான ஒரு பேப்பர் பட்டை வெட்டிக்கோங்க. 5 வினாடிக்கு 1 சென்டிமீட்டர்னு கணக்கு வச்சா 4 நிமிஷ இசைக்கு 48 சென்டிமீட்டர் வரும். கீழ நிமிஷ வினாடி குறிச்சுட்டு, இசையை ஓடவிட்டு மூணு கோடு போடுங்க: சத்தம் ஏறி இறங்கறதுக்கு ஒண்ணு, மெட்டு மேல கீழ போறதுக்கு ஒண்ணு, எத்தனை ஒலிகள் ஒரே நேரத்துல நெருக்கமா இருக்குங்கறதுக்கு புள்ளிகளா ஒண்ணு. நெருக்கமா இருக்கற இடத்துல புள்ளி அடர்த்தியா, இல்லாத இடத்துல சிதறலா. ஒரே ஓட்டத்துல முடியாது, நிறுத்தி நிறுத்தி பண்ணுங்க.

இது ஏதோ நான் கண்டுபிடிச்ச வேலை இல்ல. ஓவியர் பால் க்ளே 1921லேர்ந்து ஜெர்மனியில பாவ்ஹவுஸ் கலைப் பள்ளியில பாடம் நடத்தினப்போ இசையமைப்பாளர் பாக்கோட ஒரு இசைப் பகுதியை எடுத்து, ஒவ்வொரு குரலும் (அதாவது சேர்ந்து ஓடற ஒவ்வொரு மெட்டும்) எப்படி மேல கீழ போகுதுன்னு கோடா வரைபடம் போட்டு மாணவர்களுக்கு காட்டினார். அவருக்கு அது சுலபமா வந்துச்சு, அப்பா இசை ஆசிரியர், மனைவி பியானோ வாசிக்கறவங்க, அவரே சின்ன வயசுலயே பெர்ன் நகரத்து ஆர்கெஸ்ட்ராவுல வயலின் வாசிச்சவர். நமக்கு அந்த பயிற்சி இல்லாட்டியும் பரவாயில்ல, ஸ்வரக் குறிப்பு படிக்கத் தெரியாதவங்க கூட இந்த மூணு கோட்டை போட்டுடலாம்.

வரைபடம் முடிஞ்சதும் உச்சம் எங்க இருக்குன்னு ஒரு வட்டம் போடுங்க. சத்தம் அதிகமா இருக்கற இடம்தான் உச்சம்னு நினைச்சுக்காதீங்க. சில இசையில எல்லாம் அடங்கி ஒரே ஒரு வாத்தியம் தனியா நிக்கற இடம்தான் உச்சமா இருக்கும்.

படி 4: நேரத்தை இடமா மாத்தறது

எனக்கு இதுல மிகவும் பிடிச்ச படி இதுதான், கஷ்டமானதும் இதுதான். இசை ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா வரும், படம் மொத்தமா ஒரே நேரத்துல கண்ணுக்கு முன்னாடி நிக்கும். 4 நிமிஷத்தை ஒரு சதுரத்துக்குள்ள எப்படி வைக்கறது?

நேர வரைபடத்தை அப்படியே இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கத்துக்கு இழுத்து வைக்கறதுதான் முதல்ல தோணும். அதை ஒரு தடவை செஞ்சு பார்த்துட்டு விட்டுடுங்க, பெரும்பாலும் அது ஈசிஜி மாதிரிதான் வந்து நிக்கும். வேற வழிகள் இருக்கு. இசையோட ஆரம்பத்தை அடி லேயரா வச்சு, பின்னாடி வர்றதை எல்லாம் அது மேல மேல ஏத்திக்கிட்டே போகலாம், அப்போ படத்தோட ஆழமே நேரமாயிடுது, சுரண்டினா ஆரம்பம் தெரியும். திரும்பத் திரும்ப வர்ற மெட்டுள்ள இசைன்னா நடுவுலேர்ந்து வெளிய விரியற சுழலா வைக்கலாம். ஓவியர் ஃப்ரான்டிஷெக் குப்கா 1912ல பாரிஸ்ல காட்சிக்கு வச்ச, ரெண்டு நிறத்துல ஒரு ஃபியூக்னு பேர் வச்ச பெரிய படத்துல சிவப்பும் நீலமும் ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டு வளைஞ்சு வளைஞ்சு போறதை பார்த்தீங்கன்னா இது புரியும். ஃபியூக்ல ஒரு குரல் ஆரம்பிச்ச மெட்டை இன்னொரு குரல் எடுத்துக்கிட்டு ஓடும், அந்த ஓட்டம்தான் படத்துல இருக்கு.

க்ளே 1921ல வரைஞ்ச ஃபியூக் படம் வேற மாதிரி. சின்ன வாட்டர்கலர், கருப்பு பின்னணியில ஒரே உருவம் வரிசையா, இருட்டுலேர்ந்து வெளிச்சத்துக்கு படிப்படியா நிறம் மாறிக்கிட்டே வரும், எதிரொலி மாதிரி. குப்கா எடுத்துக்கிட்டது துரத்தலை, க்ளே எடுத்துக்கிட்டது எதிரொலியை. ஒரே இசை வடிவம், ரெண்டு பேரும் அதுல வேற வேற வேலையை கவனிச்சிருக்காங்க. உங்க இசையில நீங்க கவனிச்ச வேலை என்னவோ அதுதான் உங்க படத்தோட அமைப்பு, ஒரு வாக்கியத்துல எழுதி சுவத்துல ஒட்டி வச்சுக்கோங்க. "கீழேர்ந்து மூணு தடவை ஏறப் பார்த்து நாலாவது தடவை நின்னுடுது" இந்த மாதிரி.

லிதுவேனியாவோட சுர்லியோனிஸ் இசையமைப்பாளராவும் ஓவியராவும் இருந்தவர், அவர் கடலை வச்சு 1908ல வரைஞ்ச சொனாட்டாவை (சொனாட்டான்னா பல பகுதிகளா வர்ற ஒரு இசை வடிவம்) ஒரே படத்துல அடைக்கல, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படம்னு தனித்தனியா பிரிச்சார். உங்க இசையும் நடுவுல முழுசா குணம் மாறுற ரகம்னா, ரெண்டு மூணு கேன்வாஸ் பக்கத்துல பக்கத்துல வைக்கறதை பத்தி யோசிங்க.

அமைப்பை தீப்பெட்டி அளவுல பத்து பன்னிரண்டு தடவை பென்சில்ல போட்டுப் பாருங்க, கருப்பு, சாம்பல், வெள்ளை மட்டும். நிறம் வேண்டாம் இன்னும்.

படி 5: கைக்கு பழக்கறது

தலைக்கு இசை புரிஞ்சாச்சு, கைக்கு இன்னும் தெரியாது. மலிவான பெரிய பேப்பர் ஒரு இருபது எடுத்து சுவத்துல ஒட்டி, நின்னுக்கிட்டு, சார்கோல் (கரி) குச்சியை படுக்க வச்சு பிடிச்சுக்கிட்டு இசையோட சேர்ந்து கோடு போடுங்க. மணிக்கட்டு அசையாம தோள்லேர்ந்து மொத்த கையும் அசையட்டும். ஒரு பேப்பருக்கு 30 வினாடிக்கு மேல வேண்டாம். அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் நியூயார்க்ல படிச்சப்போ அவங்க ஆசிரியர் அலோன் பெமென்ட் வகுப்புல கிராமஃபோன்ல ரெக்கார்ட் போட்டு மாணவர்களை வரையச் சொல்வாராம், அந்த விதை அவங்களுக்குள்ள தங்கி 1918ல இசைன்னே பேர் வச்சு இளஞ்சிவப்பும் நீலமுமா ரெண்டு படம் வந்துச்சு. அந்த படங்கள்ல தெறிப்பு, வேகம் ஒண்ணுமே இருக்காது, மெல்லிய மடிப்பு மடிப்பா ஒரு திறப்பு மட்டும்தான். இசைன்னாலே பெயிண்டை வீசணும்னு நினைக்கறவங்க அதை ஒரு தடவை பாருங்க.

இருபது பேப்பரையும் தரையில பரப்பி பார்த்தா ஒரு நாலஞ்சு கோடு திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதுதான் இந்த இசைக்கு உங்க கையோட எழுத்து. மத்ததை தூக்கிப் போட்டுடலாம்.

படி 6: நிறம்

எந்த ஸ்வரத்துக்கு எந்த நிறம்னு ஒரு பட்டியல் கிடைக்குமான்னு எல்லாரும் தேடறாங்க. 300 வருஷத்துக்கு மேல தேடியாச்சு. நியூட்டன் 1704ல வெளிவந்த ஒளியியல் நூல்ல வானவில்லை ஏழா பிரிச்சு ஏழு ஸ்வர இடைவெளியோட பொருத்திப் பார்த்தார். ரஷ்ய இசையமைப்பாளர்கள் ஸ்க்ரியாபின், ரிம்ஸ்கி கோர்சகோவ் ரெண்டு பேரும் மேற்கத்திய இசையோட சுருதிகளுக்கு நிறம் சொன்னாங்க, டி மேஜர்ங்கற சுருதி மஞ்சள் சாயல்ங்கறதுல ஒத்துப் போனாங்க, ஆனா சி மேஜர் ஒருத்தருக்கு சிவப்பு, இன்னொருத்தருக்கு வெள்ளை. ஒலியை கேட்டா நிஜமாவே நிறம் தெரியற சினெஸ்தீசியா உள்ளவங்களுக்குள்ளயும் ஒருத்தர் நிறம் இன்னொருத்தருக்கு பொருந்தாது. அதனால பொதுவான பட்டியல்னு ஒண்ணு இல்ல, யாராவது கொடுத்தா நம்பாதீங்க.

ஆனா ஒரு விஷயத்துல பெரும்பாலானவங்க ஒத்துப் போறாங்க, மனோதத்துவ ஆய்வுகள் பல தடவை இதை காட்டியிருக்கு: மேல் ஸ்தாயி ஒலின்னா வெளிரின, சின்ன, கூர்மையான, மேல இருக்கற உருவம், கீழ் ஸ்தாயின்னா இருட்டான, பெரிய, உருண்ட, கீழ இருக்கற உருவம். அதாவது நிறத்தோட பேரை விட அது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டுங்கறது, அந்த டோன்தான் இசையை தாங்குது. டோன் சரியா இருந்தா பச்சையா ஊதாவாங்கறது உங்க இஷ்டம்.

ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி தனக்குன்னு ஒரு பட்டியல் வச்சிருந்தார். 1911 கடைசியில வந்த அவரோட நூல்ல மஞ்சளை எக்காள ஒலியோடயும், வெளிர் நீலத்தை புல்லாங்குழலோடயும், அடர் நீலத்தை செல்லோவோடயும், அதை விட ஆழமானதை டபுள் பேஸ், ஆர்கனோடயும் சேர்த்தார். வெள்ளை அவருக்கு இசை நடுவுல வர்ற இடைவெளி, கருப்பு எல்லாம் முடிஞ்ச பிறகு வர்ற நிசப்தம். அவர் வாழ்க்கையே அப்படித்தான் திரும்புச்சு, 1896ல மாஸ்கோவுல வாக்னரோட ஓபராவை கேட்டப்போ நிறங்கள் கண்ணு முன்னாடி எழுந்துச்சுன்னு சொன்னவர், சட்டம் படிச்சவர், 30 வயசுல அதை விட்டுட்டு ஓவியம் கத்துக்க ம்யூனிக் போனார். 1911 ஜனவரி ஆரம்பத்துல அங்க இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கோட இசை நிகழ்ச்சியை கேட்டுட்டு வந்து அவர் வரைஞ்ச படம் ம்யூனிக் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்துல இருக்கு. அதுக்கு முன்னாடி போட்ட ஸ்கெட்ச்ல பியானோவும் உக்காந்திருக்கற ஆட்களும் அடையாளம் தெரியும், பெயிண்டிங்ல வந்ததும் பியானோ ஒரு கருப்பு வெயிட்டா மாறி, அதுக்கு பக்கத்துல மொத்த மஞ்சளும் அலை மாதிரி சாயுது. அவர் பட்டியலை காப்பி அடிக்காதீங்க, அவர் பண்ணின அந்த சுருக்கலை கத்துக்கோங்க.

நடைமுறைக்கு வருவோம். அஞ்சு நிறம் போதும்: வெள்ளை, ஒரு இருட்டு, ஒரு வெப்ப நிறம், ஒரு குளிர் நிறம், அப்புறம் ஒரே ஒரு எடுப்பான நிறம். படி 2ல முதல் தடவை கேட்டீங்களே அந்த அடி ஒலி, அதை கேன்வாஸ் முழுக்க முதல் பூச்சா போடுங்க, பிறகு மேல எது வந்தாலும் இடுக்குல எல்லாம் அது எட்டிப் பார்க்கும், கச்சேரி முழுக்க பின்னாடி சுருதி ஓடற மாதிரி. ரெண்டு ஸ்வரம் உரசுற இடத்துக்கு ஒரே டோன்ல இருக்கற எதிர் நிறங்களை, ஆரஞ்சும் நீலமும் மாதிரி, ஓரம் தொட வச்சுப் பாருங்க, அந்த ஓரம் கண்ணுல அதிரும். எடுப்பான நிறத்தை உச்சத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க, வேற எங்கயும் தொடக்கூடாது.

படி 7: பொருட்கள்

அக்ரிலிக் எடுத்துக்கோங்க. மெல்லிய லேயர் அரை மணி நேரத்துக்குள்ள காஞ்சிடும், அடுத்த லேயரை இசை ஞாபகத்துல இருக்கும்போதே ஏத்தலாம். காஞ்சதும் கொஞ்சம் இருட்டாகும், அதை மனசுல வச்சு கலக்குங்க. நீண்டு இழையற, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரையற இசைன்னா ஆயில் நல்லா வரும், ஆனா நாள்கணக்கா காயணும், மேல் லேயர்ல எண்ணெய் அதிகமா இருக்கணும். அளவு 60க்கு 60 சென்டிமீட்டர் இருந்தா தோள் அசைய இடம் இருக்கும். ஜெஸ்ஸோ (பெயிண்ட் பிடிக்க அடியில போடற வெள்ளை பூச்சு) பூசின கேன்வாஸோ 300 ஜிஎஸ்எம் தடிமனான பேப்பரோ எதுவும் சரி. மாஸ்கிங் டேப் ஒரு ரோல் கட்டாயம்.

படி 8: வரையறது

சுருதி நிறம், அதாவது அடி ஒலிக்கு போட்ட முதல் பூச்சு, காஞ்ச பிறகு இசையை போடுங்க, அது மேல வர்ற முதல் லேயரை இசையோட சேர்ந்து ஒரே மூச்சுல போடுங்க, இசை முடியறப்போ கையும் நிக்கணும். படி 5ல கிடைச்ச அந்த நாலஞ்சு கோடு, பெரிய பிரஷ், நீர்த்த பெயிண்ட். தப்பு வந்தா திருத்தாதீங்க.

அதுக்கப்புறம் இசையை நிறுத்திடுங்க. நிறைய பேர் இதை ஒத்துக்க மாட்டாங்க, அமெரிக்க ஓவியர் ஆர்தர் டவ் 1927ல இசையமைப்பாளர் கெர்ஷ்வினோட ரெக்கார்டை ஓடவிட்டுக்கிட்டேதான் வரைஞ்சார், ஒரு படத்துல கடிகார ஸ்பிரிங்கை கூட ஒட்டினார், அது அவருக்கு வேலை செஞ்சுச்சு. என் அனுபவத்துல நடு லேயர்கள் போடும்போது இசை ஓடினா படத்தை பார்க்கறதே இல்ல, காது சொல்றதை மட்டும் கை கேட்டுக்கிட்டு எல்லா இடத்தையும் நிரப்பிடுது. அமைதியில, சுவத்துல ஒட்டின அந்த ஒரு வாக்கியத்தையும் சின்ன ஸ்கெட்ச்சையும் பார்த்து பெரிய வடிவங்களை வைங்க. எந்த கட்டம் எங்கன்னு குழப்பமா இருந்தா கலர் டேப் துண்டை ஒட்டிப் பாருங்க, பிடிக்கலன்னா உரிச்சு நகர்த்துங்க. கருப்பு கோடும் கட்டமுமா வரைஞ்சு பேர் வாங்கின ஓவியர் மோண்ட்ரியான் 1940ல நியூயார்க் வந்து பூகி வூகிங்கற துள்ளலான பியானோ இசையில மயங்கிப் போய் அப்படித்தான் வேலை பார்த்தார். 1942, 43ல வரைஞ்ச அந்த 127 சென்டிமீட்டர் சதுர படத்துல தன்னோட கருப்பு கோடுகளையே விட்டுட்டு மஞ்சள் கோடு மேல சின்னச் சின்ன சிவப்பு, நீலம், சாம்பல் கட்டங்களை அடியடியா வச்சார், தாளம் கண்ணுக்கு தெரியும். அடுத்து ஆரம்பிச்ச படம் முடியறதுக்குள்ள 1944ல இறந்துட்டார், அதுல அவர் ஒட்டின டேப் துண்டுகள் இன்னிக்கும் அப்படியே இருக்கு.

நடுவுல எல்லாம் இறுகிப் போச்சுன்னா ஈர பெயிண்டை பட்டையான தகடால இழுத்து சுரண்டுங்க. ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 2006ல ஜான் கேஜ் இசையை கேட்டுக்கிட்டு வேலை பார்த்து கேஜ் பேரையே வச்ச 6 பெரிய படங்களும் இப்படி பூசி, இழுத்து, சுரண்டி வந்ததுதான். புதைஞ்ச லேயர் எட்டிப் பார்க்கறது, முன்னாடி கேட்ட மெட்டு திரும்ப வர்ற மாதிரியே இருக்கும்.

ரொம்ப நாள் இழுத்துக்கிட்டே போகாதீங்க. காண்டின்ஸ்கி 1913ல வரைஞ்ச 'ஏழாவது காம்போசிஷன்'ங்கற படம் 2 மீட்டர் உயரம் 3 மீட்டர் அகலம், அதுக்கு 30க்கு மேல ஸ்கெட்ச் போட்டார், கேன்வாஸ்ல வரைஞ்சது நாலே நாள்ல. படி 2லேர்ந்து 5 வரைக்கும் நீங்க பொறுமையா உக்காந்ததுக்கான கூலி இங்கதான் கிடைக்கும்.

படி 9: எப்போ நிறுத்தறது

ஃபோன்ல கருப்பு வெள்ளையா ஒரு ஃபோட்டோ எடுங்க. அதுல உச்சம் எங்கன்னு உடனே தெரிஞ்சா டோன் சரி. தெரியலன்னா எடுப்பான நிறத்தை கூட்டாதீங்க, சுத்தி இருக்கறதை அடக்குங்க. படத்தை தலைகீழா வச்சும் பாருங்க. அப்புறம் திரும்ப இசையை போட்டு, பிரஷ் இல்லாம, கண்ணை படத்துல நடக்க விடுங்க. கண்ணு எங்க மாட்டிக்கிட்டு நிக்குதோ அங்க மட்டும் தொடுங்க. அஞ்சாவது தடவை கேட்டப்போ கண்டுபிடிச்ச நிசப்தத்துக்கு இடம் விட்டிருக்கீங்களான்னு பாருங்க. என் படங்கள்ல பெரும்பாலும் அது பெயிண்ட்ல மூழ்கிப் போயிருக்கும், சுருதி நிறத்தை வச்சு அதை திரும்ப திறந்து விடுவேன்.

கடைசியா ஒரு சோதனை. ஒரே மூடுல இருக்கற மூணு இசையை எடுத்து, அதுல ஒண்ணு உங்களோடது, நண்பர் யாரையாவது உக்கார வச்சு போட்டுக் காட்டி, இந்த படம் எதுக்குன்னு கேளுங்க. மூணும் சோகமா இருக்கணும், இல்ல மூணும் துள்ளலா இருக்கணும், அப்போதான் மூடை வச்சு ஊகிக்க முடியாது. சரியா சொன்னா ஏன்னு கேளுங்க, படத்துல எந்த இடத்தை காட்டறாங்களோ அதை ஞாபகம் வச்சுக்கோங்க. தப்பா சொன்னா இன்னும் நல்லது, அவங்க சொன்ன இசையை நீங்க ஒரு தடவை கேளுங்க, நீங்க வரையாம விட்டது என்னன்னு அதுல தெரியும்.

தலைப்புல இசையோட பேரை போடணும்னு கட்டாயம் இல்ல. ஆனா கேன்வாஸ் பின்னாடி பென்சில்ல எழுதி வைங்க: எந்த இசை, யார் வாசிச்சது, எந்த வருஷத்து ரெக்கார்டிங், எத்தனை நிமிஷம். அதே இசையை வேற ஒருத்தர் ஒரு நிமிஷம் கூட்டி வாசிச்சிருப்பார், அதுக்கு வேற படம் வேணும்.